சக் நோரிஸ் ஏன் சிவப்பு?

வலைப்பக்கத்தின் பின்னணி நிறத்தைச் சொல்லப் பழைய எச்டிஎம்எல்லில் ஒரு வழி உண்டு. பிஜிகலர் என்று எழுதி, எதிரே நிறத்தின் பெயரைப் போட வேண்டும். ரெட் என்றால் சிவப்பு, புளூ என்றால் நீலம். நிறத்துக்குப் பதில் ஹாலிவுட் சண்டை நடிகர் சக் நோரிஸின் பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் போட்டால் என்ன ஆகும்? பிரவுசர் பிழை என்று சொல்லும், இல்லையென்றால் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் போகும் என்றுதான் நினைப்போம். இரண்டும் நடக்காது. பக்கம் முழுக்க அடர்சிவப்பு பரவும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எதில் திறந்தாலும் அதே சிவப்பு.

புரோகிராமர்கள் பல வருடங்களாக ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொள்ளும் வேடிக்கை இது. சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், எல்லா பிரவுசரும் ஒரே சிவப்பைக் காட்டுவதுதான் விசேஷம். தற்செயலான பிழை என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தைக் காட்டியிருக்கும். இந்த உளறலை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரோ விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிகிறார்கள்.

அந்த விதி இப்படிப் போகிறது. கணினிக்கு நிறம் என்பது ஆறு குறிகள். முதல் இரண்டு சிவப்பின் அளவு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். குறியாக வரக்கூடியவை 0 முதல் 9 வரையான எண்கள், ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள், மொத்தம் 16. சக் நோரிஸின் பெயரில் ஆங்கிலத்தில் 11 எழுத்துகள். அவற்றில் இந்தப் பட்டியலுக்குள் வருவது சி மட்டும்தான், அது இரண்டு முறை வருகிறது. மற்ற ஒன்பதையும் பிரவுசர் 0 என்று மாற்றிக்கொள்கிறது. 11 மூன்றால் வகுபடாது என்பதால் கடைசியில் இன்னொரு 0 சேர்த்து 12 ஆக்குகிறது. நான்கு நான்காக மூன்று பங்கு பிரிக்கிறது. முதல் பங்கு சி, 0, 0, சி. மற்ற இரண்டு பங்கும் வெறும் பூஜ்யங்கள். ஒவ்வொரு பங்கிலும் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுகிறது. சிவப்புக்குக் கிடைப்பது சி0. அதன் மதிப்பு 12 பெருக்கல் 16, அதாவது 192, அதிகபட்சம் 255. பச்சையும் நீலமும் பூஜ்யம். அதனால்தான் அடர்சிவப்பு.

இதே இடத்தில் தமிழில் என்ன எழுதினாலும் கருப்புதான் வரும். நம் எழுத்து எதுவும் அந்தப் பதினாறில் இல்லாததால் எல்லாமே பூஜ்யமாகிவிடும். சிவப்பு என்று தமிழில் எழுதினாலும் கருப்பு. கருப்பும் சிவப்புமாக அமைந்தது தற்செயல். இதில் அரசியல் இல்லை.

இப்படி ஒரு விதியை நிதானமாக உட்கார்ந்து யோசித்து யாரும் உருவாக்கியிருக்க மாட்டார்கள். இது வந்த வழியைப் பார்த்தால், வெப் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதே பிடிபட்டுவிடும்.

திட்டாத பிரவுசர்

1990களின் நடுவில் வலைப்பக்கம் எழுதியவர்களில் பெரும்பாலோர் புரோகிராமர்கள் இல்லை. மாணவர்கள், பேராசிரியர்கள், பொழுதுபோக்காகச் செய்தவர்கள். அடுத்தவர் பக்கத்தைப் பார்த்து எழுதி, தெரிந்த அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள். திறந்த குறியை மூட மறந்தார்கள், எழுத்துப்பிழை விட்டார்கள், தடித்த எழுத்துக்கான குறியையும் சாய்ந்த எழுத்துக்கான குறியையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவைத்தார்கள். சாதாரணமாக ஒரு கணினி மொழியில் இப்படி எழுதினால் கம்பைலர் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடும். பிரவுசர் மறுக்கவில்லை. காரணம் தொழில்போட்டி. நெட்ஸ்கேப் பிரவுசரில் ஒரு பக்கம் சரியாகத் தெரிந்து, போட்டி பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் தெரியாமல் போனால், பக்கத்தை எழுதியவர் தப்பு செய்திருக்கிறார் என்று பார்ப்பவர் நினைக்க மாட்டார். எக்ஸ்புளோரர் சரியில்லை என்று நினைப்பார். ஆகவே எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் அதிலிருந்து எதையாவது தேற்றிக் காட்டுவதில் இருவரும் போட்டி போட்டார்கள். நிறம் வர வேண்டிய இடத்தில் புரியாத சொல் இருந்தால்கூட ஏதோ ஒரு நிறத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம்.

இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980களின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு கொள்கை சொல்லியிருந்தார்: அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு. வெப்பில் இரண்டாவது பாதி மட்டும் அமோகமாக விளைந்தது. தாராளமாக வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அனுப்புகிறவர் ஏன் கறாராக இருக்கப்போகிறார்?

இதை ஒழுங்குபடுத்த ஒரு பெரிய முயற்சி நடந்தது. தர விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000 ஜனவரியில் எக்ஸ்எச்டிஎம்எல் என்ற கண்டிப்பான வடிவத்தைக் கொண்டுவந்தது. அதை முறைப்படி பயன்படுத்தினால் ஒரு குறியை மூட மறந்தாலும் போதும், பக்கமே வராது. பிழைச் செய்தி மட்டும் வரும். ஆசிரியர் கையில் பிரம்பைக் கொடுத்தால் பிள்ளைகள் ஒழுங்காக எழுதுவார்கள் என்ற நம்பிக்கை. பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. அன்று பெரும்பாலானோர் வைத்திருந்த எக்ஸ்புளோரர் அந்தக் கண்டிப்பான முறையை ஏற்கவே இல்லை. 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் ஏற்றது. அதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது.

2004இல் ஆப்பிள், மோசில்லா, ஓப்பரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் வாட்விஜி என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். மக்கள் தப்பாகத்தான் எழுதுவார்கள். அந்தத் தப்பை எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி படிக்கட்டும் என்றார்கள். குழுவின் ஆவண ஆசிரியர் இயன் ஹிக்சன் முன்னால் இருந்த வேலை மலைக்க வைப்பது. புழக்கத்தில் இருந்த பிரவுசர்கள் ஒவ்வொரு விதமான பிழைக்கும் என்ன செய்கின்றன என்று சோதித்துச் சோதித்து, அதையே விதியாக எழுத வேண்டியிருந்தது. பின்னிக்கிடக்கும் குறிகளை எப்படிப் பிரிப்பது, அட்டவணைக்குள் வரக்கூடாத எழுத்து வந்தால் அதை எங்கே நகர்த்துவது என்று எல்லாவற்றுக்கும் படிப்படியாக வழி சொல்லப்பட்டது. நிறத்தைப் படிக்கும் அந்த வினோதக் கணக்கும் இப்படித்தான் ஆவணத்துக்குள் வந்து உட்கார்ந்தது. எக்ஸ்எச்டிஎம்எல்லின் அடுத்த பதிப்பு 2009இல் கைவிடப்பட்டது. எச்டிஎம்எல்5 2014 அக்டோபரில் அதிகாரபூர்வமானது. என்னைக் கேட்டால் வெப்பின் வரலாற்றில் மிகவும் குறைத்து மதிக்கப்பட்ட வேலை இதுதான். புது வசதி எதையும் கண்ணுக்குக் காட்டவில்லை. ஆனால் இன்று ஒரு பக்கம் எந்த பிரவுசரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகிறது என்றால் அதற்கு இதுதான் அடித்தளம்.

பத்து நாளில் எழுதியதும் பிறகு திருத்த முடியாததும்

பக்கத்தின் எலும்புக்கூடு எச்டிஎம்எல் என்றால், அதை அசையவைப்பது ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதினார். பார்ப்பதற்கு ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அந்தப் பத்து நாள் அவசரத்தின் தழும்புகள் இன்றும் மொழியில் இருக்கின்றன.

ஒன்று நல் என்ற மதிப்பு. ஒன்றுமில்லை என்று குறிக்க அதைப் பயன்படுத்துவார்கள். கணினியில் பிரவுசரைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் கன்சோல் என்ற பகுதி கிடைக்கும். அதில் டைப்ஆஃப் என்ற கட்டளையைக் கொடுத்து நல் என்ன வகை என்று கேளுங்கள். ஆப்ஜெக்ட், அதாவது ஒரு பொருள், என்று பதில் வரும். ஒன்றுமில்லாதது எப்படிப் பொருளாகும் என்று தத்துவத்தில் இறங்க வேண்டாம். முதல் வடிவத்தில் ஒவ்வொரு மதிப்பும் நினைவகத்தில் பிட்டுகளாக இருந்தது. அதன் கடைசிப் பிட்டுகள் சில, அது எந்த வகை என்பதைச் சொல்லும். அவை பூஜ்யமாக இருந்தால் ஆப்ஜெக்ட் என்று பொருள். நல் என்பதோ எல்லாப் பிட்டும் பூஜ்யம். சோதிக்கும் நிரல் கடைசிப் பிட்டுகளைப் பார்த்தது, பூஜ்யம் என்று கண்டது, ஆப்ஜெக்ட் என்றது. பின்னாளில் இதைத் திருத்தலாம் என்று முறைப்படி யோசனை வந்தபோது, பழைய பக்கங்கள் உடைந்துவிடும் என்று நிராகரித்தார்கள்.

இன்னொன்று மாதம். ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் வசதியில் ஜனவரி 0, டிசம்பர் 11. ஆனால் தேதி 1இலிருந்துதான் தொடங்கும். பொங்கலைக் குறிக்க வேண்டுமென்றால் மாதம் 0, நாள் 14 அல்லது 15 என்று எழுத வேண்டும். இது ஐக் யோசித்த குழப்பம்கூட இல்லை. ஜாவாவின் டேட் வசதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் அதற்கும் முன்னால் சி மொழியில் இருந்தது. ஜாவா தன்னுடைய அந்த வசதியில் பெரும்பகுதியை 1997லேயே, இனி பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. நகல் எடுத்தவர் கையில் அது தங்கிவிட்டது.

ஆண்டைக் கேட்கும் கெட்இயர் என்ற கட்டளை இதைவிட வேடிக்கை. 1900ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும், 1996இல் 96. எனவே பலர் அதன் முன்னால் 19 என்று ஒட்டிவைத்துப் பக்கம் எழுதினார்கள். 2000 ஜனவரி 1 அன்று அது 100 என்று சொன்னது. பக்கங்களில் வந்த ஆண்டு 19100. அமெரிக்காவின் அதிகாரபூர்வ நேரத்தைச் சொல்லும் கடற்படை வானாய்வகத்தின் இணையதளமே அன்று 19100ஆம் ஆண்டு என்று காட்டியது. முழு ஆண்டையும் சொல்ல கெட்ஃபுல்இயர் என்று வேறொரு கட்டளை வந்தது. பழையதைத் தூக்கிவிட்டார்களா என்றால், இல்லை. இன்றும் கேட்டால் 1900ஐக் கழித்துத்தான் சொல்லும்.

டேட்டின் எல்லாக் குளறுபடிகளையும் சரிசெய்யும் டெம்போரல் என்ற புதிய வசதி பல வருட உழைப்பில் உருவாகி, 2025இல் ஃபயர்ஃபாக்ஸில் எல்லோருக்கும் கிடைத்தது. அதில் ஜனவரி 1தான். வெப்பில் திருத்தம் என்பது எப்போதும் இந்த வடிவில்தான் நடக்கும்: பழையதைத் தொடாமல் பக்கத்தில் சரியானதைக் கட்டுவது.

நெறிமுறைகளிலும் இதே கதை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நீங்கள் சுட்டி வழியாகப் போகும்போது, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதையும் பிரவுசர் சொல்லி அனுப்பும். அந்தத் தகவலின் பெயர் ரெஃபரர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவில் ஆர் என்ற எழுத்து இரட்டிக்க வேண்டும். யோசனையை முன்வைத்த பிலிப் ஹாலம்-பேக்கர் ஒன்றை விட்டுவிட்டார். அன்றைய யூனிக்ஸ் கணினியின் எழுத்துப்பிழை திருத்திக்கு இரண்டு வடிவமுமே தெரியாதாம், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. 1996 மே மாதம் எச்டிடிபி என்ற அந்த நெறிமுறையின் ஆவணம் பிழையோடு வெளியானது. பல வருடம் கழித்து இதே தகவலைக் கட்டுப்படுத்த ஒரு புதிய விதி வந்தபோது, அதன் பெயரில் இரண்டு ஆரையும் சரியாகப் போட்டார்கள். இப்போது வெப் புரோகிராமர் ஒருவர் ஓரிடத்தில் தப்பாகவும் இன்னோரிடத்தில் சரியாகவும் எழுத நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லோரும் மோசில்லா

பிரவுசர் ஒரு இணையதளத்தைக் கேட்கும்போது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். யூசர் ஏஜென்ட் என்று அந்த வரிக்குப் பெயர். விண்டோஸில் ஓடும் குரோம் என்ன சொல்கிறது தெரியுமா? தான் மோசில்லா 5.0 என்று ஆரம்பித்து, ஆப்பிள்வெப்கிட் என்று சொல்லி, கேஎச்டிஎம்எல் என்று சேர்த்து, கெக்கோ மாதிரி என்று இழுத்து, அதற்குப் பிறகு குரோம் என்று தன் பெயரைச் சொல்லி, கடைசியில் சஃபாரி என்று முடிக்கிறது. ஆள்மாறாட்டம் பல தலைமுறையாக நடந்தால் இப்படித்தான் ஆகும்.

முதலில் மொசைக் என்ற பிரவுசர் இருந்தது. அதை வீழ்த்த வந்த நெட்ஸ்கேப் தனக்கு மோசில்லா என்று செல்லப்பெயர் வைத்துக்கொண்டது. பக்கத்தைச் சட்டங்களாகப் பிரிக்கும் ஃபிரேம் வசதி நெட்ஸ்கேப்பில் இருந்தது, மற்றவற்றில் இல்லை. எனவே தளங்கள் மோசில்லா என்று சொல்பவருக்கு மட்டும் நல்ல பக்கத்தை அனுப்பின. 1995இல் வந்த எக்ஸ்புளோரர் ஃபிரேமைக் கற்றுக்கொண்ட பிறகும் தளங்கள் அதற்குப் பழைய பக்கத்தையே கொடுத்தன. அது யோசித்தது, தானும் மோசில்லாதான் என்று சொல்லத் தொடங்கியது. பின்னால் மோசில்லா திட்டத்தின் கெக்கோ என்ற எந்திரம், அதாவது பக்கத்தைப் படித்துக் காட்டும் பகுதி, பெயர் வாங்கியது. லினக்ஸில் இருந்த கேஎச்டிஎம்எல், தன்னைத் தளங்கள் ஒதுக்காமல் இருக்க, கெக்கோ மாதிரி என்று சொல்லிக்கொண்டது. அதை எடுத்து 2003இல் ஆப்பிள் சஃபாரியைச் செய்தது. சஃபாரியின் எந்திரத்தை எடுத்து 2008இல் கூகுள் குரோமைச் செய்தது. ஒவ்வொருவரும் முந்தையவரின் பெயரைச் சொல்லித்தான் வாசலில் நுழைய முடிந்தது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2015இல் வந்தபோது குரோமின் பெயரையும் சேர்த்துச் சொன்னது.

எண்களிலும் இதே வம்பு. ஓப்பரா 2009இல் பத்தாம் பதிப்பை எட்டியபோது பல தளங்கள் அதன் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, ஒன்றாம் பதிப்பு, ரொம்பப் பழசு என்று திருப்பி அனுப்பின. ஓப்பரா என்ன செய்தது? தன்னை 9.80 என்று சொல்லிவிட்டு, உண்மையான பத்தை வரியின் கடைசியில் ஒளித்துவைத்தது. ஆப்பிள் மேக் கணினியின் இயங்குதளம் 11, 12 என்று வளர்ந்த பிறகும் பிரவுசர்கள் 10.15 என்றே சொல்கின்றன. வயதைக் குறைத்துச் சொல்வது சினிமா நட்சத்திரங்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

இதைவிட விசித்திரமானது டாக்குமென்ட்.ஆல் என்பது. எக்ஸ்புளோரரில் மட்டும் இருந்த பழைய வசதி அது. பக்கங்கள் இரண்டு விதமாக அதைப் பயன்படுத்தின. சில பக்கங்கள், அது இருந்தால் எதிரில் இருப்பது எக்ஸ்புளோரர் என்று முடிவு செய்து அதற்கென்று தனி வழியில் போகும். வேறு சில எதையும் சோதிக்காமல் நேரடியாக அதைப் பயன்படுத்திவிடும். மற்ற பிரவுசர்கள் அதைச் சேர்த்துக்கொண்டால் முதல் வகைப் பக்கங்கள் கெடும், சேர்க்காவிட்டால் இரண்டாம் வகை கெடும். கடைசியில் வந்த தீர்வு: பயன்படுத்தினால் வேலை செய்யும், இருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். மொழியின் அடிப்படை விதிக்கு இது முரண் என்று எச்டிஎம்எல் ஆவணம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. தெரிந்தே செய்த மீறல்.

ஒரு பெயருக்காக நடந்த சண்டை

பழைய பக்கங்கள் புதிய மொழியைக் கட்டிப்போடுவது வெறும் பழங்கதை இல்லை. 2018 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதைத் தட்டையாக்கி ஒரே பட்டியலாக்கும் வசதியை ஜாவாஸ்கிரிப்ட்டில் சேர்க்க முடிவு செய்திருந்தார்கள். பெயர் ஃபிளாட்டன். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது ஏறியதும் ஒரு தளம் உடைந்தது. காரணம் மூடூல்ஸ் என்ற நிரல் தொகுப்பு. அதற்குப் பத்து வருடம் முன்னால் புகழோடு இருந்தது. 2018இல் புதிதாக யாரும் எடுத்துப் பயன்படுத்தாதது. அதில் ஏற்கெனவே ஃபிளாட்டன் என்ற பெயரிலேயே ஒரு வசதி இருந்தது.

சரி, மூடூல்ஸ் தன்னுடையதை மேலே எழுதிக்கொள்ளட்டுமே, என்ன கெட்டது என்று கேட்கலாம். உடைந்த விதம் நுட்பமானது. மூடூல்ஸ் பட்டியல்களில் தன் வசதிகளைச் சேர்த்த பிறகு, என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எண்ணி, அவற்றை இன்னோரிடத்துக்கும் நகலெடுக்கும். பிரவுசரே கொடுக்கும் வசதிகள் இப்படி எண்ணும்போது கண்ணில் படாது. மொழியின் ஏற்பாடு அப்படி. ஃபிளாட்டன் பிரவுசரிடமிருந்து வந்துவிட்டால், மூடூல்ஸ் அதன் மேலே தன்னுடையதை எழுதினாலும் கண்ணில் படாத குணம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். நகலில் ஃபிளாட்டன் விடுபட்டுப்போகும். அதை நம்பியிருந்த பக்கம் நின்றுவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் விதிகளை வகுக்கும் குழுவின் உறுப்பினர் ஒருவர் விளையாட்டாக, ஸ்மூஷ் என்று பெயரை மாற்றிவிடலாமே என்றார். கசக்கி நசுக்குவது போன்ற ஒலியுள்ள சொல். புரோகிராமர் உலகம் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு கொந்தளித்தது. செத்துப்போன ஒரு தொகுப்புக்காக இனி வரும் எல்லோரும் கேவலமான பெயரைச் சுமக்க வேண்டுமா, உடைகிற தளம் உடையட்டும் என்று ஒரு கட்சி. அந்தத் தளத்தை நடத்துபவர் இன்று இல்லாமல்கூட இருக்கலாம், வந்து திருத்த ஆளில்லாத பக்கத்தை உடைக்க நமக்கு என்ன உரிமை என்று இன்னொரு கட்சி. மே மாதக் கூட்டத்தில் ஃபிளாட் என்று சுருக்கிப் பிரச்சினையை முடித்தார்கள். இன்க்ளூட்ஸ் என்ற பெயரில் இன்று இருக்கும் வசதிக்கும் முதலில் கன்டெய்ன்ஸ் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அதையும் மாற்ற வைத்தது இதே மூடூல்ஸ்.

நான் இரண்டாவது கட்சி. 1978இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டு ணை, லை, னா போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியது. அச்சகங்கள் மெல்ல மாறின. பழைய புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. வாசகர் கண் இரண்டையும் படித்தது. நிரலுக்கு அந்தக் கண் இல்லை. படிக்கும் விதியை மாற்றினால் பழைய பக்கம் அந்த நொடியே மௌனமாகிவிடும். எழுதியவர் இறந்திருக்கலாம், கடவுச்சொல் தொலைந்திருக்கலாம். 1996இல் ஸ்பேஸ் ஜாம் திரைப்படத்துக்காகச் செய்த இணையதளம், 2021இல் அடுத்த படம் வந்தபோது வேறு முகவரிக்கு நகர்ந்ததே தவிர, அதே பழைய கோலத்தோடு இன்றைய செல்பேசியிலும் திறந்தது. கால் நூற்றாண்டுக்கு முந்தைய மென்பொருள் எதையாவது இன்றைய கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மினுக் மினுக்கென்று எழுத்தைச் சிமிட்ட வைக்கும் பிளிங்க் குறி 2013இல் ஃபயர்ஃபாக்ஸிலிருந்து போனது, யாரும் அழவில்லை. ஃபிளாஷ் 2020 கடைசியில் நிறுத்தப்பட்டது. அதோடு ஒரு தலைமுறையின் விளையாட்டுகளும் அனிமேஷன்களும் போயின, அதற்கு அழுதவர்கள் உண்டு. ஓடும் எழுத்துக்கான மார்க்கீ குறி மட்டும், காலாவதி என்று ஆவணத்தில் முத்திரை குத்தப்பட்ட பிறகும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழுக்கு வந்த பங்கு

இந்தப் பிடிவாதத்தின் விலையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டுகளாகத்தான் அது சேமிக்கப்படுகிறது. ஸ்ரீ என்பது 4. கிருஷ்ணமூர்த்தி 15. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பத்து எழுத்து என்று ஒருவர் எல்லை வைத்தால், எட்டே எழுத்துள்ள அந்தப் பெயர் கிருஷ்ணமூர என்று நின்றுவிடும். சொல்லைத் திருப்பிப் போடும் எளிய பயிற்சியைத் தமிழ் என்ற சொல்லில் செய்தால், புள்ளி ஆதரவில்லாமல் முன்னால் தொங்கும். மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு ழி ஆகிவிடும்.

எமோஜி இன்னும் மோசம். 1991இல் யூனிகோட் வந்தபோது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் 65,536 இடம் போதும் என்று நினைத்தார்கள். 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கணக்கை நம்பி வடிவமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே யூனிகோட் எல்லையைப் பெரிதாக்கியது. பழைய எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒவ்வொரு குறியையும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாக எண்ணும். அப்பா, அம்மா, மகள், மகன் சேர்ந்து நிற்கும் குடும்ப எமோஜி கண்ணுக்கு ஒன்று, எண்ணிக்கையில் 11.

இதற்கும் பழையதைத் தொடாமல் பக்கத்தில் கட்டிய திருத்தம் வந்துவிட்டது. இன்டல் செக்மென்டர் என்ற வசதி தமிழ் என்பதை த, மி, ழ் என்று சரியாக மூன்றாகப் பிரிக்கும். குரோமில் 2020லும் ஃபயர்ஃபாக்ஸில் 2024லும் வந்தது. தமிழுக்காக நிரல் எழுதுபவர்கள் நீளத்தை எண்ண இதைத்தான் பயன்படுத்த வேண்டும். பலருக்கு இது இருப்பதே தெரியாது.

யூனிகோடும் வெப்பைப் போலவே, ஒருமுறை வைத்ததை மாற்றாது. எழுத்துக்குக் கொடுத்த எண்ணும் மாறாது, பெயரும் மாறாது. நிறுத்தற்குறி ஒன்றின் அதிகாரபூர்வப் பெயரில் பிராக்கெட் என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறி அச்சாகிவிட்டன. அது அப்படியே இருக்கிறது. நம் ஆய்த எழுத்துக்கு அங்கே இருக்கும் பெயர் தமிழ் விசர்க்கக் குறி. தேவநாகரியை முன்மாதிரியாகக் கொண்ட இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றி இடம் ஒதுக்கியதால் வந்த வினை. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுக்கும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. கணக்கில் அது அழகானதுதான். தமிழ் என்றால் அதில் மூன்றே மூன்று. ஆனால் அதற்குள் வலைப்பதிவுகளும் செய்தித்தளங்களும் விக்கிப்பீடியாவும் யூனிகோடில் எழுதப்பட்டுக் குவிந்திருந்தன. யூனிகோட் அசையவில்லை. மூடூல்ஸ் விஷயத்தில் உடைக்காதே என்று வாதாடிவிட்டு இங்கே மட்டும் உடை என்று என்னால் சொல்ல முடியவில்லை, வருத்தம் இருந்தாலும்.

சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்றால், பிரவுசர் செய்பவர்கள் தலையில். புதிதாக ஒரு பிரவுசர் எழுத நினைப்பவர் இத்தனை வருடத் தப்புகளையும் ஒன்றுவிடாமல் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். சக் நோரிஸுக்குச் சிவப்பு காட்டாவிட்டால் அது பிரவுசரின் குறை. ஓப்பரா தன் சொந்த எந்திரத்தை 2013இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட்டே 2018இல் தன்னால் ஆகாது என்று கூகுளின் எந்திரத்துக்கு மாறியது. இன்று உலகம் பெரும்பாலும் மூன்று எந்திரங்களில் ஓடுகிறது: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மோசில்லாவின் கெக்கோ. லேடிபேர்ட் என்ற சிறு குழு அடியிலிருந்து ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் எல்லோரும் படிக்கும் எச்டிஎம்எல் ஆவணம் வாட்விஜி தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. நீளமானது, வறண்டது. ஆனால் குறிகளைப் படிக்கும் முறையை விவரிக்கும் பகுதியில் ஓர் இடம் உண்டு. படத்தைக் காட்ட ஐஎம்ஜி என்று எழுதாமல் இமேஜ் என்று முழுதாக எழுதிவிட்டால், பிரவுசர் அதைத் தப்பு என்று குறித்துக்கொண்டு, ஐஎம்ஜி என்று மாற்றிப் படிக்க வேண்டும் என்கிறது விதி. ஏன் என்று விளக்கம் இல்லை. அடைப்புக்குறிக்குள் இரண்டே சொல்லில், அதைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது.